காஞ்சிபுரம் நாயனா பிள்ளை

காஞ்சிபுரம் நாயனா பிள்ளை (1889 - 1934) இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் புகழ்பெற்று விளங்கிய கருநாடக இசைப் பாடகர் ஆவார். இவரது இயற்பெயர் சுப்பிரமணிய பிள்ளை. தாள நுணுக்கம் மிகுந்த பல்லவிகளுக்காகவும், பல பக்கவாத்தியங்களுடன் பாடிய கச்சேரிகளுக்காகவும் அறியப்படுகிறார். இவரது குரல் ஒலிப்பதிவாக எஞ்சவில்லை.

வாழ்க்கைக் குறிப்பு

நாயனா பிள்ளை பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தில் இசை மரபுக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தாயார் காமாட்சி அம்மாள். தாயாரின் சகோதரி தனகோடி அம்மாள் அக்காலத்தில் பெயர்பெற்ற பாடகி. வீட்டிலேயே இசை இருந்தபோதிலும், இளமையில் நாயனா பிள்ளையின் நாட்டம் மற்போரிலும் பட்டம் விடுவதிலுமே இருந்தது. ஓரளவு வயது வந்த பின்னரே இசையில் முழுமையாக ஈடுபட்டார். தாமதமாகத் தொடங்கியவர் என்றாலும் கடும் பயிற்சியால் விரைவில் முன்னணிக்கு வந்தார். சலதரங்கம் இரமணய்யா செட்டியாரிடமிருந்து தியாகராசரின் கீர்த்தனைகள் பலவற்றைக் கற்றுக்கொண்டார்.

தியாகராசருக்குக் காஞ்சிபுரத்தில் ஆண்டுதோறும் விழா எடுத்து வந்தார். அவ்வூரிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்த இளம் தலைமுறையினர் பெரிய வித்துவான்களை நேரில் கேட்பதற்கு இவ்விழா வாய்ப்பாக அமைந்தது.

கச்சேரி முறை

அக்காலக் கச்சேரிகளில் வயலினும் மிருதங்கமும் பக்கவாத்தியங்களாக அமைவது வழக்கம். நாயனா பிள்ளையின் மேடையிலோ இவற்றுடன் கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் முதலியனவும் சேர்ந்து வரிசையாக அமர்ந்திருக்கும். நீதிபதிகள் பலர் கூடி வழக்கு விசாரிக்கும் நீதிமன்ற அமர்வின் பெயரைக் கொண்டு இரசிகர்கள் இதனை ஃபுல் பெஞ்சு கச்சேரி என்று அழைத்தனர். வயலினில் மலைக்கோட்டை கோவிந்தசாமி பிள்ளை, மிருதங்கத்தில் கும்பகோணம் அழகநம்பி பிள்ளை, கஞ்சிராவில் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை, கொன்னக்கோலில் மன்னார்குடி பக்கிரியா பிள்ளை ஆகியோர் இவருக்கு வாசித்தவர்களில் குறிப்பிடத்தக்கவர்கள்.

இவர்கள் ஒவ்வொருவரும் தம் துறையில் தலைசிறந்தவர்கள். கணக்கில் சிறிது பிசகினாலும் பாடகரை மேடையிலேயே வீழ்த்தக் கூடியவர்கள். அத்தகையோரின் நடுவில் அமர்ந்து, கடினமான தாளங்களில் பல்லவியை விரித்து, கற்பனைச் சுரங்களைப் பாடித் தவறாமல் எடுப்பிற்கு வந்து சேர்ந்ததே இவரது புகழுக்குக் காரணம். தாளச் சிக்கல் மிகுந்த திருப்புகழ்ப் பாடல்களையும் மேடையில் பாடினார். கணக்கு வழக்கு இசையின் இனிமையை மறைத்துவிடும் என்று கருதுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர்.

ஒலிப்பதிவு

பிரித்தானிய கிராமபோன் நிறுவனம் 1902 இல் கல்கத்தாவில் ஒலிப்பதிவைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் தென்னிந்தியப் பாடகர்களும் இசைத்தட்டுகளில் பாடினர். தனகோடி அம்மாளின் பாட்டும் அவ்வாறு தட்டில் ஏறியது. ஆனால் நாயனா பிள்ளை இசைத்தட்டுக்குப் பாட உடன்படவில்லை. ஒரு பக்கத்திற்கு மூன்று நிமிட அளவே இடம்தந்த தட்டில் இவரது பல்லவியின் தொடக்கம்கூட அடங்கியிராது என்பது எண்ணத்தக்கது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 இல் தொடங்கியபோது இவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. எனவே இவரது பாடும் முறையை மாணவர்கள் வழியாகவும், கேட்டவர்களின் நினைவுகள் வழியாகவும் மட்டுமே அறிய முடிகிறது.

மாணவர்கள்

சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை இவரது முதன்மை மாணவர். குருவுடன் பல ஆண்டுகள் தங்கிப் பயின்று, கச்சேரிகளில் உடன் பாடினார். 1954 இல் சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றார். இவரிடம் பயின்றவரே மதுரை சோமசுந்தரம்.

வீணை தனம்மாளின் பேத்திகளான டி. பிருந்தா, டி. முக்தா ஆகியோரும் நாயனா பிள்ளையிடம் கற்றனர். விரைவற்ற, குழைவு மிக்க பாணிக்குப் பெயர்பெற்ற ஒரு குடும்பம், தாளப் புலியிடம் தன் பெண்களை அனுப்பியது கவனிக்கத்தக்கது. கீர்த்தனைகளைப் பாடபேதமின்றிச் சொல்லிக்கொடுப்பதில் இவருக்கு இருந்த மதிப்பை இது காட்டுகிறது.

டி. கே. பட்டம்மாள் சிறுமியாக இருந்தபோது காஞ்சிபுரத்தில் நாயனா பிள்ளையின் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்தவர். பெண்கள் மேடையில் பல்லவி பாடுவது அரிதாக இருந்த காலத்தில் அதனைத் துணிந்து பாடிப் பல்லவி பட்டம்மாள் என்று பெயர் பெற்றார்.

மறைவு

நாயனா பிள்ளை 1934 இல், நாற்பத்தைந்து வயது நிறைவடையும் முன்னரே காலமானார்.