எலியா கஸான்: நடிப்பை மாற்றியவர், நண்பர்களின் பெயரைச் சொன்னவர்

படம் பார்க்கும்போது, இவர் நடிக்கிற மாதிரியே தெரியலையே என்று நீங்கள் வியந்ததுண்டா? அத்தகைய நடிப்பு ஹாலிவுட்டில் வேரூன்ற முக்கியக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர் எலியா கஸான்.

ஆனால் அவர் பெயரைக் கேட்டால் இன்றும் சிலர் முகம் சுளிப்பார்கள். ஏன்?

யார் இவர்?

1909இல் இன்றைய இஸ்தான்புல் நகரில் ஒரு கிரேக்கக் குடும்பத்தில் பிறந்தார். 1913இல் குடும்பம் அமெரிக்காவில் குடியேறியது. அப்பா கம்பள வியாபாரி. மகனும் கடையைப் பார்த்துக்கொள்வான் என்று நினைத்தார். மகனோ யேல் பல்கலைக்கழகத்துக்கு நாடகம் படிக்கப் போய்விட்டார்.

1932இல் நியூயார்க்கின் 'குரூப் தியேட்டர்' நாடகக் குழுவில் சேர்ந்து நடித்தார். அது பொருளியல் மந்தக் காலம். எங்கு பார்த்தாலும் வேலையில்லாத் திண்டாட்டம். குழுவில் சிலர் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தாங்க. கஸானும் சேர்ந்தார். நாடகக் குழுவைக் கட்சி ஆட்டிவைக்கப் பார்த்தது பிடிக்காமல் 1936இல் விலகினார்.

நடிகர்களை எப்படி உருவாக்கினார்?

1947இல் இரு நண்பர்களுடன் 'ஆக்டர்ஸ் ஸ்டுடியோ' பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். அழுவது போல் பாவனை செய்தால் போதாது. கதாபாத்திரத்தின் வலியை நடிகர் தன் சொந்த வாழ்க்கையில் தேட வேண்டும். அதுதான் அங்கே பாடம்.

மார்லன் பிராண்டோ, ஜேம்ஸ் டீன் இருவரையும் திரையில் உச்சத்துக்குக் கொண்டுபோனவர் கஸான். 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்' படத்தில் டீனுக்கும், அப்பாவாக நடித்தவருக்கும் நிஜத்திலேயே ஆகவில்லை. கஸான் சமாதானம் செய்து வைக்கவில்லை. அந்தக் கசப்பு திரையில் உதவும் என்று வளரவிட்டார்.

1952இல் என்ன நடந்தது?

அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் பயம் உச்சத்தில் இருந்த நேரம். முன்னாள் உறுப்பினர்களை நாடாளுமன்றக் குழு அழைத்து விசாரித்தது. கூட இருந்தவர்கள் யார் என்று சொல்ல மறுத்தால் ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறும். அப்புறம் பட வாய்ப்பே கிடையாது.

ஜனவரியில் கஸான் மறுத்தார். ஏப்ரலில் மனம் மாறி, குரூப் தியேட்டரில் தன்னுடன் கட்சியில் இருந்த எட்டுப் பேரின் பெயர்களைச் சொன்னார். அவர்களில் மாரிஸ் கார்னோவ்ஸ்கி, ஃபீபி பிராண்ட் என்ற நடிகத் தம்பதியும் அடக்கம். இருவருமே கறுப்புப் பட்டியலால் பாதிக்கப்பட்டவர்கள்.

குழுவுக்கு அந்தப் பெயர்கள் ஏற்கெனவே தெரியும் என்பது கஸானின் வாதம். கம்யூனிசத்தின் ரகசியத்தை அம்பலப்படுத்துவது கடமை என்று நாளிதழில் விளம்பரமும் கொடுத்தார். அதுதான் பலரை இன்னும் கொதிக்க வைத்தது. நெருங்கிய நண்பரான நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் பல ஆண்டுகள் விலகியே இருந்தார்.

பிறகு?

1954இல் 'ஆன் தி வாட்டர்ஃப்ரன்ட்' வந்தது. துறைமுகக் கும்பலுக்கு எதிராகத் துணிந்து சாட்சி சொல்லும் தொழிலாளியாக பிராண்டோ நடித்தார். கஸான் தன் செயலுக்கே நியாயம் தேடுகிறார் என்று பலர் கருதினாங்க. படமோ 8 ஆஸ்கர் விருதுகளை வென்றது.

ஆனால் ஒரு வித்தியாசம் கவனிச்சீங்களா? படத்தின் நாயகன் சாட்சி சொன்னது கொலைகாரர்களுக்கு எதிராக. கஸான் பெயர் சொன்னதோ, ஒரே மேடையில் தன்னுடன் நடித்த நண்பர்களை.

1999இல் அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான கௌரவ ஆஸ்கர் வழங்கப்பட்டது. அரங்குக்கு வெளியே ஆர்ப்பாட்டம். உள்ளே சிலர் எழுந்து நின்று கைதட்டினார்கள். சிலர் கையைக்கூட அசைக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது அவருக்கு வயது 89. பெயர்களைச் சொல்லி 47 ஆண்டுகள் ஆகியும் ஆறாத காயம் அது.

2003இல் தம் 94ஆவது வயதில் கஸான் காலமானார். அவர் படங்களை நடிப்பு மாணவர்கள் இன்றும் பார்த்துக் கற்கிறார்கள். அவர் சொன்ன எட்டுப் பெயர்களும் விசாரணைப் பதிவில் அப்படியே இருக்கின்றன.

நீங்கள் அன்று அந்த அரங்கில் இருந்திருந்தால் எழுந்து நின்றிருப்பீர்களா?