நாவலர் பெருமான் துறந்தவை

நல்லூரிலே 1822ஆம் ஆண்டு தோன்றிய ஆறுமுகநாவலர், யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே கற்று, அங்கேயே ஆசிரியருமாயினார். பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணைபுரிந்தார். மதிப்பும் வேதனமும் தந்த அவ்வுத்தியோகத்தை 1848இல் உதறிவிட்டு, வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். இல்லறத்தையும் வேண்டாதிருந்தார். மிஷன் பாடசாலையிற் படித்து, உத்தியோகத்தையே கனவு காணும் எம்போல்வார்க்கு இது எளிதிற் கைகூடுவதன்று.

சினத்தையும் வென்றாரோவெனின், முற்றாக வென்றாரல்லர் என்றே நாம் கருதுகின்றோம். பெரியோர் பொறுத்தருள்க. அவருடைய கண்டனங்கள் கடுமையானவை. இராமலிங்க சுவாமிகளோடு நேர்ந்த பிணக்கு 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை சென்றது. பொருளை விட்டவர்க்கும் சினம் விடுதற்கு அரிதாயிற்று.

ஆயினும், 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்திலே கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தி ஏழைகளின் பசி தீர்த்தவரும் அவரே. 1879 மார்கழியிலே சிவபதமடைந்தார்.