இலுப்பை மரத்துப் பெருமாளும் மார்த்தாண்ட வர்மாவும்

நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் போகும் சாலையில் தக்கலை என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே இறங்கிச் சற்றுத் தூரம் உள்ளே போனால் பத்மநாபபுரம் அரண்மனை. பளிங்கும் பொன்னும் எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு அது முதலில் ஏமாற்றமாகக் கூட இருக்கும். எங்கு பார்த்தாலும் மரம். ஆனால் பூமுகத்தில் நின்று தலையை நிமிர்த்திப் பார்த்தால், கூரையின் மரத்தில் 90 பூக்கள் செதுக்கியிருப்பது தெரியும். ஒரு பூவைப் போல் இன்னொரு பூ இல்லை. உள்ளே தாய்க்கொட்டாரத்தில் ஒரே பலா மரத்தைக் கடைந்து செய்த தூண் ஒன்று நிற்கிறது. உளி பட்ட இடமெல்லாம் கொடியும் பூவும்தான்.

தாய்க்கொட்டாரம் பழையது. ஆனால் கல்குளம் என்று பேர் பெற்றிருந்த அந்தக் கோட்டையைப் புதுப்பித்து, அதற்குப் பத்மநாபபுரம் என்று பெருமாளின் பெயரையே வைத்தவர் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா. டச்சுக்காரர்களைக் குளச்சலில் தோற்கடித்தவர் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் அவரைத் தெரியும். 1891-ம் ஆண்டில் சி. வி. ராமன் பிள்ளை எழுதிய மலையாள நாவலுக்கும் அவர் பெயர்தான். போரில் வென்ற அரசர் பலர் உண்டு. வென்ற நாட்டை முழுவதும் ஒரு விக்கிரகத்தின் காலடியில் எழுதி வைத்தவர்கள் அரிது. அந்த விக்கிரகத்தின் கதையைச் சொல்லாமல் அவர் கதையைச் சொல்ல முடியாது.

அனந்தன் காடு

திருவனந்தபுரம் முன்பு அனந்தன் காடு. தவம் செய்த திவாகர முனிவர் ஒருவர், தம்மிடம் விளையாடிவிட்டு ஓடி மறைந்த குழந்தையைத் தேடி அங்கே வந்தார். அவர் கண் முன்னே பெரிய இலுப்பை மரம் ஒன்று சாய்ந்து விழுந்தது. விழுந்த மரம் அனந்தசயனப் பெருமாளாகக் காட்சி கொடுத்தது. தலை திருவல்லத்திலும் கால் திருப்பாப்பூரிலும் இருந்ததாம்! இவ்வளவு பெரிய திருமேனியைத் தம்மால் வலம் வர முடியாது என்று முனிவர் வேண்ட, பெருமாள் தம்மைச் சுருக்கிக்கொண்டார். கையில் வேறொன்றும் இல்லாததால் முனிவர் ஒரு சிரட்டையில் மாங்காயும் உப்பும் வைத்து நிவேதனம் செய்தார். இது தல புராணம். உப்பு மாங்காய் நிவேதனம் இன்றும் நடக்கிறது.

புராணத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் அந்தக் கோயிலின் பழைய மூலவர் இலுப்பை மரத்தில் செய்யப்பட்டவர் என்பது சரித்திரம்.

மரத்தில் சாமியா என்று நம் பக்கத்தில் கேட்பவர்கள் உண்டு. கல்லும் செம்பும் பார்த்துப் பழகிய கண்கள் நமக்கு. காஞ்சீபுரத்தில் குளத்துக்குள் இருந்து 40 ஆண்டுக்கு ஒரு முறை வெளியே வரும் அத்தி வரதர் மரத் திருமேனிதான். 1979-ல் வந்தார், 2019-ல் வந்தார். பூரி ஜகந்நாதர் வேப்ப மரம். அதிக ஆஷாட மாதம் வரும் வருஷத்தில் பழைய உருவங்களை அடக்கம் செய்துவிட்டு, புது மரம் வெட்டிப் புதிதாகச் செதுக்குகிறார்கள். கடைசியாக 2015-ல் அது நடந்தது.

மரத்துக்கு இரண்டு எதிரிகள். ஒன்று தண்ணீர், மற்றொன்று தீ. தண்ணீருக்காகத்தான் இப்படிப்பட்ட மூலவருக்கு அபிஷேகம் செய்வதில்லை. அபிஷேகத்துக்கு வேறு விக்கிரகம் வைத்துக்கொள்வார்கள். தீயை என்ன செய்வது? 1686-ம் ஆண்டில் திருவனந்தபுரம் கோயில் தீப்பற்றி எரிந்தது. பிறகு பல ஆண்டுகள் கோயில் சீர்குலைந்தே கிடந்தது.

அரை ஓட்டு மன்னர்

கோயிலை எடுத்துக் கட்ட ஏன் இவ்வளவு காலம்? கோயில் மன்னர் கையில் இல்லை. எட்டரை யோகம் என்ற சபையின் கையில் இருந்தது. போற்றிமார் முதலிய எட்டுப் பேருக்கு ஆளுக்கு ஓர் ஓட்டு. மன்னருக்கு அரை ஓட்டு! கோயில் நிலங்களில் வரி தண்டும் அதிகாரம் எட்டு வீட்டுப் பிள்ளைமார் என்ற நாயர் பிரபுக்களிடம் இருந்தது. நாட்டில் மன்னரின் பேச்சு எடுபட்டதைவிட இவர்களின் பேச்சுதான் எடுபட்டது.

1706-ல் பிறந்த மார்த்தாண்ட வர்மா, அனிழம் திருநாள், இந்தச் சூழ்நிலையில்தான் வளர்ந்தார். அங்கே மருமக்கள் தாயம். மாமன் ராம வர்மாவுக்குப் பின் மருமகன்தான் பட்டத்துக்கு வர வேண்டும். மாமனின் பிள்ளைகளான தம்பிமார் இருவர் இதற்கு ஒப்பவில்லை. பிள்ளைமார் அவர்கள் பக்கம் சேர்ந்தார்கள். இளவரசரின் தலைக்கு ஆபத்து வந்தது. ஊர் ஊராக, வேஷம் மாற்றிக்கொண்டு அவர் ஓடித் திரிந்தார்.

ஒரு நாள் நெய்யாற்றின்கரையில் எதிரிகள் நெருங்கிவிட்டார்கள். அங்கே ஒரு பெரிய பலா மரம். அடிமரத்தில் ஆள் நுழையும் அளவுக்குப் பொந்து. ஒரு சிறுவன் அதைக் காட்டி அவரை ஒளிந்துகொள்ளச் செய்தான் என்றும், தேடி வந்தவர்கள் ஏமாந்து திரும்பினார்கள் என்றும் சொல்வார்கள். அந்தச் சிறுவன் கிருஷ்ணனே என்று மன்னர் பிற்காலத்தில் நம்பினார். அதே இடத்தில் கிருஷ்ணசுவாமி கோயிலைக் கட்டினார். அம்மச்சிப் பிலாவு என்ற அந்த மரத்தின் மிச்சத்தைக் கோயில் வளாகத்தில் இன்றும் பாதுகாத்து வருகிறார்கள்.

1729-ல் அவர் பட்டத்துக்கு வந்தார். வந்ததும் பழைய கணக்கைத் தீர்த்தார். தம்பிமார் இருவரும் கொல்லப்பட்டார்கள். பிள்ளைமாரைத் தூக்கில் போட்டார். அவர்கள் வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் கடற்கரையில் செம்படவர்களுக்குக் கொடுக்கப்பட்டார்கள் என்றும், அந்த வீடுகளை இடித்துத் தரைமட்டமாக்கி அங்கே குளம் தோண்டினார் என்றும் பழைய வரலாறுகள் எழுதுகின்றன. குளம் தோண்டுதல் என்பது அந்த நாட்டில் ஒரு தண்டனையின் பெயராகவே ஆகிவிட்டது. அவரை மெச்சி எழுதுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போகிறார்கள். தாண்டக் கூடாது. பின்னால் அவர் செய்ததற்குக் காரணம் பாதி இங்கேதான் இருக்கிறது.

புதுத் திருமேனி

எதிரிகள் ஒழிந்ததும் அவர் முதலில் கை வைத்தது கோயிலில். மூலவருக்குப் பாலாலயம் செய்து, கர்ப்பக்கிருகத் திருப்பணி தொடங்கியது. பழைய இலுப்பைத் திருமேனியின் இடத்தில் புதிய திருமேனி அமைப்பது என்று முடிவாயிற்று. தீயையும் காலத்தையும் தாங்க வேண்டும். ஆனால் வழிபட்டு வந்த ரூபம் மாறக் கூடாது. ஒரு மன்னருக்கு இது லேசான முடிவல்ல. பெருமாளே மரமாக விழுந்து கிடந்தார் என்று நாடே நம்பும்போது, அந்த மரத்தை மாற்றுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

கல் வேண்டாம், கடுசர்க்கரை யோகம் என்ற முறையில் செய்வது என்று தீர்மானித்தார்கள். பெயரைக் கேட்டு இனிப்புப் பண்டம் என்று நினைத்துவிடக் கூடாது. கருங்காலி மரத்தில் எலும்புக் கூடு போல ஒரு சட்டம் செய்வார்கள். தென்னை நாரை நரம்பு போலச் சுற்றுவார்கள். மண், மணல், பிசின், குங்கிலியம், மூலிகைக் கஷாயம் எல்லாம் சேர்த்துப் பக்குவமாக அரைத்த சாந்தைத் தசை போல அதன் மேல் பூசிப் பூசி, காயவிட்டுக் காயவிட்டு உருவத்தைக் கொண்டு வருவார்கள். பொறுமை இல்லாதவன் தொட முடியாத வேலை. ஆக, மேலே சாந்து என்றாலும் உள்ளே எலும்பாக நிற்பது மரம்தான். மரப் பெருமாள் முழுவதும் போய்விடவில்லை என்று நான் நினைப்பதுண்டு.

திருவனந்தபுரத்துத் திருமேனிக்கு இன்னொரு விசேஷம். நேபாளத்தில் ஓடும் கண்டகி நதியில் எடுத்த 12,008 சாளக்கிராமங்களை அதற்குள் சேர்த்தார்கள். ரெயில் இல்லாத காலத்தில் அத்தனை கற்களும் இமயமலைச் சாரலில் இருந்து தென்கோடிக்கு வந்து சேர்ந்ததை யோசித்துப் பாருங்கள். 18 அடி நீளத்தில் பள்ளிகொண்ட பெருமாளை மூன்று வாசல் வழியாகத்தான் தரிசிக்க வேண்டும். முதல் வாசலில் திருமுகமும், வலக்கையின் கீழ் சிவலிங்கமும், நடு வாசலில் நாபிக் கமலத்தில் பிரம்மா, மூன்றாவதில் திருவடி. 1739-ம் ஆண்டில் வேலை பூர்த்தியாயிற்று. அன்று முதல் தண்ணீர் அபிஷேகம் இல்லை. சாத்திய பூக்களை மயில் பீலியால் நீக்குவார்கள். முரட்டுக் கை பட்டால் சாந்து தேயும் அல்லவா?

கர்ப்பக்கிருகத்துக்கு எதிரே 20 அடிச் சதுரமும் இரண்டரை அடிக் கனமும் உள்ள ஒரே கல்லைக் கொண்டுவந்து ஒற்றைக்கல் மண்டபம் அமைத்தார். சீவேலிப்புரையைக் கட்ட 4,000 கல் தச்சர்களும் 6,000 கூலியாட்களும் 100 யானைகளும் வேலை செய்ததாகத் திருவிதாங்கூர் மானுவல் கூறுகிறது.

இதற்கிடையில் யுத்தங்களும் நடந்தன. 1741-ல் குளச்சலில் டச்சுப் படை தோற்றது. சிறைப்பட்ட டிலனாய் என்ற தளபதியைக் கொல்லாமல், தம் படைக்கே பயிற்சி கொடுக்க வைத்தார் மன்னர். அந்த டிலனாய் 1777-ல் இறந்து உதயகிரிக் கோட்டையில் அடக்கமானார். கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. தளவாய் ராமய்யன் நம் திருநெல்வேலிச் சீமைக்காரர், ஏர்வாடியில் பிறந்தவர். அவர் துணையோடு மன்னர் கொல்லம், காயங்குளம், அம்பலப்புழை என்று வடக்கே ஒவ்வொரு நாடாகச் சேர்த்துக்கொண்டே போனார்.

திருப்படி தானம்

1750-ம் ஆண்டு ஜனவரி 3-ம் தேதி. மன்னர் குடும்பத்தோடு கோயிலுக்கு வந்தார். ஒற்றைக்கல் மண்டபத்தில் தம் உடைவாளைப் பெருமாள் முன் வைத்தார். தாம் பிறந்த நாடு, பிடித்த நாடு எல்லாவற்றையும் பத்மநாபசுவாமிக்கே தானம் செய்து ஓலை எழுதினார். பிறகு அந்த வாளைப் பெருமாளிடம் இருந்து திரும்ப வாங்கிக்கொண்டார். இனி அவர் ராஜா அல்ல, பத்மநாபதாசர். பெருமாளின் காரியஸ்தர். ஆறு வருஷத்துக்கு ஒரு முறை 56 நாள் நடக்கும் முறைஜபமும், அது முடியும் நாளில் லட்சதீபமும் அவர் ஏற்படுத்தியவைதான்.

இது பக்தியா, தந்திரமா? இரண்டும் என்பது என் எண்ணம். பிடித்த நாடுகளில் பழைய ராஜாக்களின் மனிதர்கள் பொருமிக்கொண்டிருந்தார்கள். நாடு மார்த்தாண்ட வர்மாவுடையது என்றால் அவரை எதிர்க்கலாம். பெருமாளுடையது என்றால் எதிர்ப்பது சுவாமித் துரோகம். ஓட்டெடுப்பில் அரை ஓட்டுக்காரராக இருந்தவர், தம்மிடம் இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டதால் ஒருவரும் அசைக்க முடியாதவரானார்! அதற்காக அவர் மனசில் பாரமே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? குளம் தோண்டிய வீடுகள் நினைவுக்கு வராமலா இருக்கும்? பாவம் தீர என்று அவர் செய்த துலாபுருஷ தானமும் ஹிரண்யகர்ப்பமும் வெறும் ஆடம்பரம் என்று தோன்றவில்லை.

ஆனால் தானம் செய்த பின் கடுமை குறைந்துவிட்டது என்றும் எழுத முடியாது. கிறிஸ்தவராக மாறிய அரண்மனை அதிகாரி தேவசகாயம் பிள்ளை ஆரல்வாய்மொழிக் காட்டில் சுடப்பட்டது 1752-ல். 2022-ல் போப்பாண்டவர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

பத்மநாபபுரத்தில் மன்னர் கட்டிய உப்பரிகை மாளிகையில் அவர் மனம் தெரிகிறது. கீழே பொக்கிஷ அறை. அதற்கு மேலே மூலிகை மரங்களால் செய்த கட்டிலோடு மன்னரின் படுக்கை அறை. எல்லாவற்றுக்கும் மேலே, உச்சியில், பெருமாளுக்கென்று ஓர் அறை. சுவரெல்லாம் தெய்வ ஓவியங்கள். அங்கே பெருமாளுக்கு ஒரு கட்டில். பக்கத்தில் எரிந்துகொண்டே இருக்கும் விளக்குகள். எஜமானர் மேல்மாடியில், காரியஸ்தர் கீழே.

1756-ல் ராமய்யன் இறந்தார். அந்தத் துக்கத்தில் இருந்து மன்னர் மீளவில்லை என்பார்கள். 1758-ம் ஆண்டு ஜூலை 7-ம் தேதி அவரும் கண்ணை மூடினார். கடைசி நேரத்தில் மருமகன் ராம வர்மாவை அழைத்து, பெருமாளுக்குச் செய்த தானத்துக்கு மாறாக ஒன்றும் செய்யக் கூடாது, செலவு வரவை மிஞ்சக் கூடாது என்று கட்டளையிட்டார். தர்மராஜா என்று பேர் எடுத்த அந்த மருமகன் காலத்திலேயே, 1795-ஐ ஒட்டி, தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியது.

1956-ம் ஆண்டு நவம்பர் 1-ம் தேதி கல்குளம் தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது பத்மநாபபுரமும் இந்தப் பக்கம் வந்துவிட்டது. அரண்மனையைக் கேரளத் தொல்பொருள் இலாகா பார்த்துக்கொள்கிறது. போகிறவர்கள் அப்படியே திருவட்டாறுக்கும் போய் வரலாம். அங்கே ஆதிகேசவப் பெருமாளும் கடுசர்க்கரைத் திருமேனிதான். திருவனந்தபுரத்துப் பெருமாளைவிட நீளம். சந்நிதிக்கு முன்னால் உள்ள மண்டபத்தில் கொஞ்சம் நின்று மேலே பாருங்கள். கூரையிலும் உத்திரத்திலும் மரத்தில் செதுக்கிய தெய்வங்கள் வரிசையாக இருக்கிறார்கள்.