பாஸ்கா இரவுக்காகக் காத்திருந்தவர்

தவக்காலம் என்றதும் நம் நினைவுக்கு வருவன நெற்றிச் சாம்பலும், சுத்த போசனமும், வெள்ளிதோறும் செய்யும் சிலுவைப்பாதையுமே. ஆதித் திருச்சபையிலோ அது ஆவலோடு நாள் எண்ணும் காலமாகவும் இருந்தது. உயிர்ப்புப் பெருவிழாவின் இரவில் ஞானஸ்நானம் பெறவிருந்தோர் அந்நாள்களில் செபத்திலும் நோன்பிலும் தங்களை ஆயத்தம் செய்தனர். அவ்வாறு காத்திருந்தவர்களுள் ஒருவர் புனித அகுஸ்தினார்.

இவர் 354ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே என்னும் ஊரில் பிறந்தார். தந்தை பத்ரீசியுஸ் அப்போது கிறிஸ்தவர் அல்லர். தாய் மோனிக்கா அம்மையாரோ ஆழ்ந்த விசுவாசம் உடையவர். சிறுவயதில் கடும் நோயுற்ற அகுஸ்தினார் ஞானஸ்நானம் கேட்டார். ஆனால் திடீரென நோய் தணியவே, அது தள்ளிப்போடப்பட்டது. அதன்பின் கழிந்த ஆண்டுகள் பல!

கார்த்தேஜ் நகரில் கல்வி பயின்றபோது இளைஞரின் மனம் தடுமாறியது. ஒழுக்கம் தவறினார். மனிக்கேயரின் கொள்கையில் ஒன்பது ஆண்டுகள் சிக்கியிருந்தார். தாய் கண்ணீரோடு மன்றாடினார். 383ஆம் ஆண்டில் மகன் அத்தாயை ஏமாற்றிவிட்டு, இரவோடு இரவாகக் கப்பலேறி உரோமைக்குச் சென்றார். தாயோ சோர்ந்துவிடவில்லை. பின்னர் கடல் கடந்து மிலான் நகருக்கே மகனைத் தேடி வந்தார்.

மிலானில் அகுஸ்தினார் நாவன்மைக் கலைப் பேராசிரியராய் விளங்கினார். ஆயர் அம்புரோசியாரின் மறையுரைகள் அவர் ஐயங்களைச் சிறிது சிறிதாகக் கரைத்தன. 386ஆம் ஆண்டில் ஒரு நாள், தோட்டத்தில் மனம் கலங்கி அழுதிருந்த வேளையில், புனித பவுலின் திருமுகத்தைத் திறந்து வாசித்தார். உள்ளம் தெளிந்தது. தாயிடம் ஓடிச் சென்று செய்தி சொன்னார்.

ஆயினும் அவர் உடனே ஞானஸ்நானம் பெற்றுவிடவில்லை. பதவியைத் துறந்து, நாட்டுப்புற இல்லம் ஒன்றில் தங்கி, செபத்திலும் சிந்தனையிலும் நாள்களைக் கழித்தார். 387ஆம் ஆண்டுத் தவக்காலத்தையொட்டி மிலானுக்குத் திரும்பி, ஞானஸ்நானத்திற்குத் தம் பெயரைக் கொடுத்தார். பலருக்கும் பேச்சுக் கலை கற்பித்த அறிஞர், இப்போது எளிய மக்களோடு அமர்ந்து விசுவாசப் பிரமாணத்தைக் கற்றார். அவ்வேளையில் அவர் உள்ளத்தில் எத்தகைய கவனமும் ஏக்கமும் இருந்திருக்கும்!

ஏப்ரல் 24ஆம் நாள் இரவு வந்தது. எண்கோண வடிவமான ஞானஸ்நான ஆலயத்தில், மகன் அதெயோதாத்துஸ், நண்பர் அலிப்பியுஸ் ஆகியோருடன் அகுஸ்தினாரும் ஆயர் அம்புரோசியாரின் கையால் ஞானஸ்நானம் பெற்றார். அவ்வாலயத்தின் அடித்தளத்தை மிலான் பேராலயத்தின் கீழே இன்றும் காணலாம்.

தாயின் நெடுங்காத்திருப்பும் முடிவுற்றது. அதே ஆண்டில் ஆப்பிரிக்கா திரும்பும் வழியில், ஓஸ்தியாத் துறைமுகத்தில் மோனிக்கா அம்மையார் தம் 56ஆம் வயதில் நிறைந்த மனத்தோடு கண்மூடினார்.

பின்னாளில் ஹிப்போ நகரின் ஆயரான அகுஸ்தினார், தாம் காத்திருந்ததைப் போலவே தவக்காலத்தில் காத்திருந்தோருக்குப் போதித்தார். தவக்காலம் இவ்வுலகத் துன்ப வாழ்வையும், பாஸ்காக் காலம் வரவிருக்கும் பேரின்ப வாழ்வையும் காட்டுகின்றன என்பது அவர் விளக்கம். 430ஆம் ஆண்டில் பகைவர் நகரை முற்றுகையிட்டிருந்தபோது நோயுற்றுக் கிடந்தார். மனத்துயர்ச் சங்கீதங்களை எழுதிச் சுவரில் ஒட்டச் செய்து, படுக்கையிலிருந்தே படித்துக் கண்ணீர் சொரிந்தார். ஆகஸ்ட் 28ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

அன்புத் தோழியரே! தவக்காலத்தில் நாம் மேற்கொள்ளும் சிறு ஒறுத்தல்கள் யாவும் அந்தப் பாஸ்கா இரவை நோக்கி எடுத்து வைக்கும் அடிகளே. திருவிழிப்பு இரவில் கையில் மெழுகுதிரி ஏந்தி ஞானஸ்நான வாக்குறுதிகளைப் புதுப்பிக்கும்போது, நாள் எண்ணிக் காத்திருந்த அகுஸ்தினாரையும், மனம் தளராது மன்றாடிய அவர் அன்னையையும் நினைவில் கொள்வோம்.