காமா பயில்வான்: வீழ்த்தியவர், காத்தவர்

நாகல் நகரில் மாலையானால் ஜிம்முக்குக் கிளம்பும் நம் பிள்ளைகள் காமா பயில்வானை அறிந்திருக்க வேண்டும்.

1878-ல் அமிர்தசரஸ் வட்டாரத்தில் மல்யுத்தக் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் குலாம் முஹம்மது. தண்டாலும் பஸ்கியும் தினமும் ஆயிரக்கணக்கில் எடுத்து உரமேறிய உடம்பு. உயரம் 5 அடி 7 அங்குலம்தான். 1910-ல் லண்டன் சென்றபோது அதைக் காரணம் காட்டிப் போட்டியில் சேர்க்க மறுத்தார்கள். யாரும் வரலாம் என்று சவால் விட்டார். வந்த அமெரிக்க வீரர் ரோலர் தோற்றுப்போனார்.

நின்ற நிலையில் பாய்ந்து பிடித்து எதிராளியைத் தரையில் சாய்ப்பது காமாவின் பாணி. செப்டம்பர் 10 அன்று மோதிய போலந்து வீரர் ஸ்பிஸ்கோ, அந்தப் பிடியைத் தவிர்க்க இரண்டரை மணி நேரம் தரையோடு ஒட்டிக் கிடந்தார். ஆட்டம் சமனில் முடிந்தது. ஒரு வாரம் கழித்து மறுபடி மோத வேண்டிய நாளில் அவர் வரவே இல்லை. காமாவே வென்றதாக அறிவிக்கப்பட்டது. 1928-ல் பாட்டியாலாவில் அதே ஸ்பிஸ்கோவை ஒரு நிமிடத்துக்குள் வீழ்த்தினார்.

1947 பிரிவினைக் கலவரத்தின்போது லாகூரில் தம் தெருவில் வசித்த இந்துக் குடும்பங்களுக்கு அரணாக நின்றார். தாக்க வந்த கும்பலைத் திருப்பி அனுப்பி, அவர்களைப் பத்திரமாக வழியனுப்பி வைத்தார். கடைசி ஆண்டுகள் நோயிலும் வறுமையிலும் கழிந்தன. 1960 மே 23-ல் மறைந்தார்.

அவர் யாரை வீழ்த்தினார் என்பதோடு யாரைக் காத்தார் என்பதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம்.