நாடியைத் தொடர்ந்த மருத்துவர்

இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் அக்காலத்தில் பருத்தி நெசவாலைகள் நிறைந்திருந்த நகரம் பர்ன்லி. அங்குப் பொது மருத்துவராகப் பணியாற்றிய ஜேம்ஸ் மெக்கன்சியின் பொறுப்பில் ஒருமுறை கருவுற்ற இளம்பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்கு இதயக் கோளாறு இருந்தது. ஆயினும், மகப்பேற்றின்போது அவ்விதயம் தளர்ந்து அவள் இறந்துபோவாள் என்பதை அவர் எதிர்பார்க்கவில்லை. முன்பே அறிந்திருந்தால் காத்திருக்கலாமோ என்னும் எண்ணம் அவரை வருத்தியது. எந்த இதயக் கோளாறு உயிருக்குக் கேடு, எது கேடற்றது என்று அறிய நூல்களைப் புரட்டினார். தெளிவான விடை கிடைக்கவில்லை. விடையைத் தாமே தேடுவது என்று துணிந்தார்.

மெக்கன்சி 1853ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் ஸ்கோன் என்னும் ஊரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். பள்ளியை இளமையிலேயே விட்டு, பெர்த் நகர மருந்துக்கடை ஒன்றில் தொழில் பழகினார். பின்னர் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று, 1878இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே பர்ன்லிக்கு வந்தார். இருபத்தெட்டு ஆண்டுகள் அந்நகரமே அவருடைய வாழ்விடமும் ஆய்வுக்கூடமும் ஆயிற்று.

ஆய்வு என்றால் பெரிய மருத்துவமனையும் பல்கலைக்கழகமும் வேண்டும் என்பது அக்காலத்து நம்பிக்கை. மெக்கன்சி அதற்கு மாறாகக் கருதினார். மருத்துவமனைக்கு வருபவர் நோய் முற்றிய நிலையில் வருகிறார். சில வாரங்களில் மருத்துவர் கண்ணிலிருந்து மறைகிறார். குடும்ப மருத்துவரோ நோயின் தொடக்கத்தைக் காண்கிறார். அதே மனிதரைப் பத்து, இருபது ஆண்டுகள் காண்கிறார். ஆகவே, நோயின் முழுப் போக்கையும் அறியும் வாய்ப்பு அவருக்கே உண்டு. இவ்வாய்ப்பை ஏறக்குறைய எல்லாரும் வீணாக்கினர். மெக்கன்சி குறிப்பேட்டைத் திறந்தார். பகலெல்லாம் வீடு வீடாகச் சென்று மருத்துவம் பார்த்தவருக்கு இரவில்தான் எழுத நேரம் கிடைத்தது.

மணிக்கட்டு நாடியை விரலால் தொட்டுப் பார்ப்பது தொன்மையான வழக்கம். அதனால் இதயக் கீழறையின் துடிப்பை மட்டுமே அறியலாம். மேலறை என்ன செய்கிறது என்பதை அறிய மெக்கன்சி கழுத்துச் சிரையின் அசைவை நோக்கினார். சிறு கிண்ணம் ஒன்றைக் கழுத்தின்மீது பொருத்தி, ரப்பர்க் குழாய் வழியே அவ்வசைவைக் கருவிக்குச் செலுத்தினார். மணிக்கட்டுத் துடிப்பும் கழுத்துத் துடிப்பும் ஒரே தாளில் அடுத்தடுத்த கோடுகளாகப் பதிவாயின. முதலில் புகையேற்றிய தாளில் பதிவு செய்தவர், பின்னர் ஷா என்னும் கடிகாரக் கைவினைஞரின் துணையுடன் மையால் எழுதும் கருவியை உருவாக்கினார். பாலிகிராஃப் எனப்பட்ட அக்கருவியின் தாள், கடிகாரப் பொறியால் நகர்ந்தது. நோயாளியின் வீட்டுக்கே எடுத்துச் செல்லத்தக்க கருவி அது.

இதயத்தின் ஈரிதழ் வால்வு சுருங்கிய பெண் ஒருத்தியை அவர் 1880 முதல் கவனித்து வந்தார். 1898இல் அவளுடைய நாடி திடீரெனத் தாறுமாறாயிற்று. அதுவரை கழுத்துச் சிரையில் தெளிவாகப் பதிவாகிவந்த மேலறை அலை காணாமற்போயிற்று. இதயத்தில் கேட்டுவந்த குறிப்பிட்ட முணுமுணுப்பொலியும் மறைந்தது. மேலறை தன் சுருக்கத்தை இழந்துவிட்டது என்று மெக்கன்சி முடிவு செய்தார். பதினெட்டு ஆண்டுகளின் பதிவுகள் கையில் இல்லாதவர்க்கு இம்மாற்றம் புலப்பட்டே இராது. அவருடைய விளக்கம் முழுவதும் சரியன்று. மேலறை செயலிழக்கவில்லை, ஒழுங்கின்றி நடுங்கிக்கொண்டிருந்தது. இதனை 1909இல் இதயமின் வரைவியைக் கொண்டு தெளிவுபடுத்தியவர், மெக்கன்சியிடம் ஊக்கம் பெற்ற தாமஸ் லூயிஸ். இவ்வகை நோயாளிகளின் விரைந்த துடிப்பை டிஜிட்டாலிஸ் என்னும் மருந்து தணிப்பதையும் மெக்கன்சி எடுத்துக்காட்டினார்.

அவருடைய மற்றொரு கண்டறிவு பலருடைய வாழ்வை மாற்றியது. இடையிடையே ஒரு துடிப்பு முந்தி வருவதைக் கண்டாலே இதயநோய் என்று முத்திரை குத்தி, நலமாக இருந்தவர்களைக்கூட வேலை செய்யாமல் முடக்கிவைப்பது அந்நாளைய வழக்கம். அத்தகையோரை மெக்கன்சி ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார். வேறு கோளாறு இல்லாதவர்கள் வழக்கம்போல் உழைத்து நலமுடன் வாழ்ந்தனர். அச்சம் தேவையற்றது என்று உறுதியாகச் சொல்ல அவரிடம் சான்று இருந்தது.

நாடியைப் பற்றிய அவரது நூல் 1902இல் வெளிவந்தது. 1907இல் அவர் இலண்டனுக்குக் குடிபெயர்ந்தார். மறு ஆண்டு இதயநோய்கள் குறித்த நூலை வெளியிட்டார். இராயல் சொசைட்டியின் உறுப்பினர் தகுதியும் சர் பட்டமும் 1915இல் வந்தன. புகழும் வருவாயும் பெருகின. ஆனால் இலண்டனில் அவரைத் தேடி வந்தவர்கள் முற்றிய நோயாளிகளே. நோயின் தொடக்கத்தைக் காணும் வாய்ப்பு பர்ன்லியோடு போய்விட்டது.

ஆகவே, 1918இல், அறுபத்தைந்து வயதில், இலண்டன் தொழிலைத் துறந்து ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகருக்குச் சென்றார். அடுத்த ஆண்டு அங்கே மருத்துவ ஆய்வு நிலையம் ஒன்றை நிறுவினார். அந்நகரின் பொது மருத்துவர்களே அதன் ஆய்வாளர்கள். தம் நோயாளிகளின் சிறுசிறு அறிகுறிகளையும் அவர்கள் பதிவு செய்தனர், கூடி ஆராய்ந்தனர். துடிப்பை வரையும் கருவியை அமைத்தவரே முதுமையில் கருவிகளை மிகுதியாக நம்புவதைக் கண்டித்தார் என்பது வியப்புக்குரியது. அதில் ஓரளவு பிடிவாதமும் கலந்திருந்தது. எனினும், நோயாளியின் சொல்லைக் கேட்கும் பொறுமையைக் கருவி பறித்துவிடக்கூடும் என்ற அவருடைய கவலை பொருளற்றதன்று.

இதற்கிடையே இதயத் தமனிகள் சுருங்குவதால் வரும் நெஞ்சுவலி அவரையே பற்றியிருந்தது. தம் வலியையும் அவர் ஒரு நோயாளியினுடையதைப்போலவே குறித்துவைத்தார். அந்நோய் பற்றிய தம் நூலில் பிற நோயாளிகளின் வரலாறுகளுக்கிடையே தம்முடையதையும் பெயர் சுட்டாமல் சேர்த்தார். 1925 ஜனவரியில் அவர் மறைந்தார். அவர் விரும்பியவாறே அவருடைய இதயம் எடுத்து ஆராயப்பட்டது. குறிப்புகளில் அவர் எழுதிவைத்த வலிக்கும் தமனிகளில் கண்ட மாற்றங்களுக்கும் உள்ள தொடர்பைப் பின்வந்த மருத்துவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தனர். அவ்விதயம் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்பட்டது.