3 வருஷக் கெடு, 60 பாடங்கள்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சங்கத்திலிருந்து கேட்டார்கள். நான் ஒரு இன்ஜினியர். எஸ்டிமேட் எழுதிப் பழகிய கை. கட்டுரை எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் ஒரு விஷயம் ரொம்ப நாளாக மனசில் இருக்கிறது. மேல்படிப்பில் ஒரு செமஸ்டரை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வரும் பரிமாற்றத் திட்டம் பற்றி நம்ம ஜூனியர்கள் அடிக்கடி விசாரிக்கிறார்கள். விசா எத்தனை நாளில் வரும், குக்கர் எடுத்துட்டுப் போகணுமா, அந்தக் குளிருக்கு எந்த ஜாக்கெட் தாங்கும், பார்ட்-டைம் வேலை பார்க்கலாமா... எல்லாம் கேட்கிறார்கள். அங்கே போய் எதைப் படிக்கப் போகிறோம், திரும்பி வந்து அதை வைத்து என்ன செய்யப் போகிறோம் என்ற இரண்டு கேள்வி மட்டும் அநேகமாக வருவதே இல்லை.

அந்த இரண்டு கேள்விக்கும் தன் வாழ்க்கையாலேயே பதில் சொன்ன ஒருவர் உண்டு. சிலையாகவும் தபால் தலையாகவும் நமக்கெல்லாம் நன்றாகத் தெரிந்தவர்தான். டாக்டர் அம்பேத்கர். அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவராக அவரைத் தெரியும். 22 வயதில், கையில் இருந்த காசை எண்ணி எண்ணிச் செலவு செய்த எம்.ஏ. மாணவராக அவரை நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருக்கிறோம்?

கோணிச் சாக்கிலிருந்து கப்பல் வரை

பீம்ராவ் பிறந்தது 1891 ஏப்ரல் 14, மத்தியப் பிரதேசத்து மௌ ராணுவக் குடியிருப்பில். அப்பா ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். வீட்டில் 14-ஆவது குழந்தை. சாதியோ, தொட்டால் தீட்டு என்று ஒதுக்கி வைக்கப்பட்ட மகர் சாதி. சதாராவில் பள்ளிக்கூடம் போனபோது உட்கார வீட்டிலிருந்தே ஒரு கோணிச் சாக்கு கொண்டுபோக வேண்டும். தாகம் எடுத்தால் தானே போய்க் குழாயைத் திறக்கக் கூடாது. பியூன் வந்து திறந்துவிட வேண்டும். பியூன் வரவில்லையா, அன்றைக்குத் தண்ணீர் கிடையாது.

அந்தப் பையன் 1907-ல் மெட்ரிக் தேறி, பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்து, 1912-ல் பி.ஏ. வாங்கினார். மறு வருஷம் பிப்ரவரியில் அப்பா காலமானார். குடும்பம் நடுத்தெருவில் நின்ற மாதிரி ஆச்சு. அந்த நேரத்தில்தான் பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட் கை கொடுத்தார். அமெரிக்காவில் படிக்க மாதம் 11½ பவுண்டு உதவித்தொகை. கெடு 3 வருஷம். படித்து முடித்ததும் பரோடா சமஸ்தானத்தில் 10 வருஷம் வேலை பார்க்க வேண்டும் என்று 1913 ஜூனில் ஒப்பந்தத்தில் கையெழுத்து. இன்றைக்கு நாம் ‘பாண்ட்’ என்கிறோமே, அதேதான்.

பம்பாயில் மனைவி ரமாபாயையும் கைக்குழந்தை யஷ்வந்தையும் விட்டுவிட்டு, 1913 ஜூலையில் நியூயார்க் போய் இறங்கினார். சேர்ந்தது கொலம்பியா பல்கலைக்கழகம்.

நியூயார்க்கில் 3 வருஷம்

போன புதிதில் விடுதி மாறி விடுதி மாறிக் கடைசியில் லிவிங்ஸ்டன் ஹால் என்ற விடுதியில் இடம் அமைந்தது. அங்கே நவல் பதேனா என்ற பார்சி நண்பர் கிடைத்தார். ஆயுள் முழுக்க நீடித்த நட்பு அது. யோசித்துப் பாருங்கள். சொந்த ஊரில் வகுப்புக்குள் தனியாகச் சாக்கில் உட்கார்ந்தவர், அங்கே எல்லாரோடும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார், ஒரே மேஜையில் சாப்பிட்டார். பாடத்திட்டத்தில் இல்லாத முதல் பாடம் இது. மனிதன் மனிதனோடு சமமாக இருப்பது சாத்தியம்தான் என்று அவர் தினமும் கண்ணால் பார்த்தார்.

அதற்காக அமெரிக்காவைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. கொலம்பியாவை ஒட்டியே இருப்பது ஹார்லெம். கறுப்பின மக்கள் குடியேறிக்கொண்டிருந்த பகுதி. அந்த மக்கள் பட்ட பாடும் நாடறிந்தது. பின்னாளில், 1946-ல், கறுப்பினத் தலைவர் டு பாய்ஸுக்கு அம்பேத்கர் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் சபைக்கு அவர்கள் கொடுக்கும் மனுவைப் பற்றி விசாரித்திருக்கிறார். வெளிநாடு போனவர்கள் அந்த நாட்டின் உயரமான கட்டிடங்களைப் பார்ப்பார்கள். இவர் அங்கே யார் கீழே நிற்கிறார்கள் என்பதையும் பார்த்திருக்கிறார்.

சரி, படிப்புக்கு வருவோம். அந்த 3 வருஷத்தில் அவர் எடுத்த பாடங்களின் கணக்கைக் கேட்டால் தலை சுற்றும். பொருளாதாரத்தில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3, ஆரம்ப நிலை பிரெஞ்சு ஒன்று, ஜெர்மன் ஒன்று. மொத்தம் 60! நம்ம காலத்தில் ஒரு செமஸ்டருக்கு 6 பேப்பர் என்றாலே கேன்டீனில் உட்கார்ந்து புலம்பினோம், இல்லையா? பொருளாதாரத்தில் எட்வின் செலிக்மன், தத்துவத்தில் ஜான் டூவி போன்ற பெரிய பேராசிரியர்களிடம் பாடம் கேட்டார். 1915 ஜூனில் எம்.ஏ. பட்டம் கைக்கு வந்தது. 11½ பவுண்டில் சாப்பாட்டுச் செலவைச் சுருக்கி, மிச்சம் பிடித்த காசில் பழைய புத்தகக் கடைகளில் புத்தகமாக வாங்கிக் குவித்தார்.

இதில் நான் முக்கியமாக நினைப்பது வேறு. அத்தனை தூரம் போன மனிதர் அங்கே எதை ஆராய்ச்சி செய்தார்? 1915-ல் அவர் எழுதியது கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகத்தையும் நிதியையும் பற்றி. 1916-ல் எழுதியது இந்தியாவின் தேசிய வருமானப் பங்கீடு பற்றி. அதே 1916 மே 9 அன்று கோல்டன்வைசர் என்ற பேராசிரியரின் மானிடவியல் கருத்தரங்கில் அவர் படித்த கட்டுரை இந்தியாவில் சாதிகள் பற்றி. ஒரு கூட்டம் தனக்குள்ளேயே மணம் முடித்துக் கதவைச் சாத்திக்கொள்வதுதான் சாதியின் அடிப்படை. அதைப் பார்த்து மற்றவர்களும் தங்கள் கதவைச் சாத்தினார்கள் என்பது அந்தக் கட்டுரையின் சாரம். அப்போது அவருக்கு வயது 25.

சாதி என்ன செய்யும் என்பது அவருக்குச் சதாராவிலேயே தெரியும். அது எப்படி இயங்குகிறது என்று இன்ஜின் கவரைக் கழற்றிப் பார்க்கிற மாதிரி பிரித்துப் பார்க்க அவருக்கு வேண்டியிருந்தது மூன்று: வேறு நாடுகளின் சமுதாயங்களைப் பற்றிய அறிவு, ஆராயும் முறை, அவமானப்படாமல் உட்கார்ந்து யோசிக்க ஒரு நாற்காலி. இந்த மூன்றையும் நியூயார்க் கொடுத்தது. அவர் தூரத்தில் நின்று தன் ஊரைப் படித்தார்.

பாதியில் நின்ற படிப்பு

1916-ல் அங்கிருந்து லண்டன். லண்டன் பொருளாதாரப் பள்ளியிலும், சட்டம் படிக்க கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். ஆனால் உதவித்தொகைக் கெடு முடிந்துபோனது. 1917 ஆகஸ்டில் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. அப்போது முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த சமயம். இவர் ஒரு கப்பலில் பத்திரமாக வந்து சேர்ந்தார். இவருடைய பெட்டிகளை ஏற்றி வந்த இன்னொரு கப்பல் தாக்கப்பட்டுக் கடலில் மூழ்கியது. அதிலிருந்த புத்தகங்களும் போயின.

அதைவிடப் பெரிய அடி பரோடாவில் காத்திருந்தது. ஒப்பந்தப்படி சமஸ்தான வேலையில் சேரப் போனார். ஸ்டேஷனுக்கு வரவேற்க ஒருவரும் வரவில்லை. அமெரிக்காவில் எம்.ஏ. வாங்கி, பிஎச்.டி.க்கு ஆய்வும் எழுதிய அதிகாரியின் மேஜையில் பியூன்கள் எட்ட நின்று ஃபைலை வீசினார்கள். ஊரில் யாரும் வாடகைக்கு வீடு தரவில்லை. வேறு வழியில்லாமல் பார்சிகளின் விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராவது நாள் காலை, ஒரு டஜன் ஆட்கள் தடியோடு வந்து சூழ்ந்துகொண்டு, சாயங்காலத்துக்குள் காலி செய்யச் சொன்னார்கள். நண்பர்கள் இருவர் வீட்டிலும் கேட்டுப் பார்த்தார். இடமில்லை. ஒரு பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு, இரவு ரயிலேறிப் பம்பாய் வந்து சேர்ந்தார்.

கொலம்பியா மாறாமல்தான் இருந்தது. பரோடாவும் மாறாமல்தான் இருந்தது. மாறியிருந்தது அவர் மட்டும். வெளிநாட்டுப் பட்டம் வாங்கிவிட்டால் ஊர் தானாக மரியாதை கொடுத்துவிடும் என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

வேறொருவராக இருந்தால் வெளிநாடே போதும்டா சாமி என்று அங்கேயே போய்த் தங்கியிருப்பார். இவரும் திரும்பப் போனார், ஆனால் விட்ட படிப்பை முடிக்க. 1918-ல் பம்பாய் சிடென்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை கிடைத்தது. சம்பளம் 450 ரூபாய். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேமித்தார். கோலாப்பூர் ஷாகு மகாராஜா உதவினார். நியூயார்க் நண்பர் நவல் பதேனா 5000 ரூபாய் கடன் கொடுத்தார். விடுதி நட்பின் மதிப்பு அதுதான்! 1920-ல் மறுபடியும் லண்டன்.

பகலெல்லாம் பிரிட்டிஷ் மியூசியம் நூலகம். ராத்திரி அறையில் பசித்தால் ஊர்க்காரர் கொடுத்த அப்பளம் நாலு சுட்டுத் தின்றுவிட்டு மறுபடி படிப்பு. பம்பாயில் ரமாபாய் பட்ட வறுமை தனிக் கதை. அந்த அம்மாளின் பங்கைச் சொல்லாமல் இந்தப் படிப்பின் கதையைச் சொல்ல முடியாது. 1921-ல் எம்.எஸ்சி. 1922-ல் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்திலும் பதிவு செய்துகொண்டார். அந்தப் படிப்பு தொடரவில்லை. 1923-ல் இந்தியா திரும்பினார். ரூபாயின் பிரச்சினை பற்றிய அவருடைய டி.எஸ்சி. ஆய்வை முதலில் அப்படியே ஏற்க மறுத்தார்கள். திருத்தி அனுப்பி அதே வருஷம் பட்டம் வாங்கினார். கொலம்பியாவின் பிஎச்.டி. 1927-ல் முறைப்படி கைக்கு வந்தது. அந்த ஆய்வு நூலைச் சாயாஜிராவ் மன்னருக்குத்தான் காணிக்கையாக்கினார். பரோடாவில் பட்டதை வைத்து, படிக்க வைத்தவரை மறக்கவில்லை.

வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தவர்

அதே 1927 மார்ச் 20-ல், மகாத் ஊரின் சவுதார் குளத்தில் ஆயிரக்கணக்கானவர்களோடு இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். பியூன் வந்தால்தான் தண்ணீர் என்றிருந்த பையன், குளத்துத் தண்ணீர் எல்லாருக்கும் பொது என்று நிறுவிய நாள் அது.

நம்ம ஆட்கள் பலருக்குத் தெரியாத ஒரு விஷயமும் உண்டு. 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்தபோது, நீர்ப்பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில்தான் இருந்தன. 1943-ல் தாமோதர் நதி வெள்ளம் வங்காளத்தை நாசமாக்கியது. அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்குத் திட்டத்தை மாதிரியாக வைத்து, வெள்ளத் தடுப்பு, பாசனம், மின்சாரம் மூன்றையும் ஒரே அமைப்பில் இணைக்கும் தாமோதர் திட்டம் அவர் காலத்தில் உருவானது. 1948-ல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் சட்டமானது. 1944-ல் மத்தியத் தொழில்நுட்ப மின் வாரியம், 1945-ல் மத்திய நீர்வழி, பாசன, கப்பல் போக்குவரத்து ஆணையம் இரண்டும் வந்தன. இன்றைய மத்திய நீர் ஆணையத்தின் தொடக்கம் அந்த இரண்டாவது அமைப்புதான். சிவில், எலக்ட்ரிகல் நண்பர்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்!

அதே பதவியில் இருந்தபோதே, 1942-ல், தாழ்த்தப்பட்ட மாணவர்கள் அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்கவும், வெளிநாடு போய் உயர்கல்வி பெறவும் அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று கோரிக்கை மனு கொடுத்தார். 1945-ல் மக்கள் கல்விக் கழகம் தொடங்கினார். 1946-ல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி வந்தது. ஒரு மன்னர் தனக்குத் திறந்த கதவை, அடுத்தவர்களுக்குத் திறந்தே வைக்க அரசையும் கல்லூரியையும் தேடினார்.

1952 ஜூனில் கொலம்பியா அவரை அழைத்துக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. அவர் 1956 டிசம்பர் 6 அன்று மறைந்தார்.

தம்பி தங்கைகளே, நானும் எம்.டெக். படிக்கும்போது ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவன்தான். அந்த நாலைந்து மாசம் எப்படி ஓடிப்போகும் என்று எனக்குத் தெரியும். அதனால் விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, உங்கள் ஊரில் உங்களை உறுத்துகிற ஒரே ஒரு பிரச்சினையை எழுதுங்கள். ஏரி வற்றியதாக இருக்கலாம், சாயத்தண்ணீராக இருக்கலாம், தெருவுக்குத் தெரு தனித்தனிச் சுடுகாடாகவும் இருக்கலாம். போகிற இடத்தில் அதற்கு என்ன பாடம் இருக்கிறது, எந்தப் பேராசிரியர் இருக்கிறார், எந்த நூலகம் இருக்கிறது என்று தேடுங்கள். அந்தத் தாளைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேருபவர்கள் யாராக இருந்தாலும், திரும்பி வந்ததும் அடுத்த பேட்சில் பணம் இல்லாமல் தயங்கி நிற்கும் ஒரு பிள்ளையின் விண்ணப்பத்துக்கு உதவுங்கள். அதில் எங்களால் ஆனதைச் செய்ய முன்னாள் மாணவர்கள் நாங்கள் இருக்கிறோம்.

குக்கர் எடுத்துட்டுப் போகலாம், தப்பில்லை. அப்பளமும் மறக்காதீங்க!

அன்புடன்,
உங்கள் சீனியர் ஒருவன்